தனக்குத் தானே துணையாகும் சொல்

ஆஸ்திரேலியாவின் நகரங்களுக்கு அப்பால் விரிந்து கிடக்கும் காட்டையும் மேய்ச்சல் வெளியையும் அந்நாட்டார் ‘புஷ்’ என்ற ஒரே சொல்லால் குறிக்கின்றனர். அங்கே மாடு ஓட்டியும் ஆட்டு ரோமம் கத்தரித்தும் பிழைத்த மக்களின் வாழ்வைச் சந்தமும் இயைபும் வழுவாமல் கதையாகச் சொல்லும் பாட்டு மரபு ‘புஷ் கவிதை’ எனப்படுகிறது. சிட்னியில் 1880-இல் தொடங்கப்பெற்ற ‘புல்லட்டின்’ வார இதழ் இம்மரபைப் பரப்பியதில் பெரும்பங்கு வகித்தது. பாஞ்சோ பேட்டர்சனும் ஹென்றி லாசனும் அதன் பக்கங்களில்தான் பெயர் பெற்றனர். பேட்டர்சனின் உருவம் இன்று பத்து டாலர் நோட்டில் இருக்கிறது. டாம்வொர்த் நகரில் ஆண்டுதோறும் ஜனவரியில் நடைபெறும் கன்ட்ரி இசை விழாவில் ‘கவிஞர்களின் காலையுணவு’ என்ற பெயரில் கூடும் அரங்குகளில் இத்தகைய கவிதைகள் இன்றும் சொல்லப்படுகின்றன. போட்டிகளில் சந்தத்தோடு இயைபையும் நடுவர்கள் எடைபோடுகின்றனர். அவர்கள் குறையாகக் கொள்வனவற்றுள் ஒன்று, ஒரு சொல்லை அதே சொல்லோடு இயைப்பது.

தமிழ் யாப்பில் இயைபு என்பது இறுதியில் எழுத்தோ சொல்லோ ஒன்றி வருவது, ஒன்றினாலே போதும். ஆங்கில மரபு ‘முழு இயைபு’ என்று மதிப்பது ஒற்றுமையோடு ஒரு வேற்றுமையையும் வேண்டி நிற்கிறது. அழுத்தம் பெறும் அசையின் உயிரொலியும் அதற்குப் பின்வரும் ஒலிகள் அனைத்தும் ஒத்திருக்க, அவ்வுயிருக்கு முன்னிற்கும் மெய்யொலி மாறியாக வேண்டும். சமவெளியைக் குறிக்கும் ‘பிளெயின்’ என்ற சொல் ‘டிரெயின்’ என்பதோடு இயையும். ‘பிளெயின்’ என்பதோடே மீண்டும் வந்தால் அது இயைபு அன்று, வெறும் திரும்பக் கூறல். விதி சொல்லோடு நில்லாமல் அசைக்குள்ளும் நுழைகிறது. பெரிய ஆட்டுப் பண்ணையை அந்நாட்டார் ‘ஸ்டேஷன்’ என்பர். பேரழிவுக்கு ஆங்கிலம் ‘டெவஸ்டேஷன்’. வறட்சியைப் பாடப் புகுந்த கவிஞருக்கு இவ்விணை தானாகவே வந்து வாய்க்கும். தாளில் இரு வேறு சொற்களாகவும் தெரியும். ஆனால் இரண்டாவதில் அழுத்தம் விழும் அசை முதலாவதன் அசையேயாதலால், செவிக்குக் கேட்பது ‘ஸ்டேஷன்’ இரண்டு முறை.

இத்தனை கண்டிப்புக்குக் காரணம் இக்கவிதை செவிக்காக எழுதப்படுவதே. அடியின் ஈற்றுச் சொல் ஒலித்தவுடனே கேட்பவரின் மனம் அதற்குரிய துணைச் சொல்லைத் தேடத் தொடங்கிவிடுகிறது. வரப்போகும் ஓசை அதற்குத் தெரியும், சொல் தெரியாது. அந்த இடைவெளியில்தான் நகைச்சுவைக் கவிதையின் சிரிப்பும் சோகக் கவிதையின் அடியும் இருக்கின்றன. அதே சொல் திரும்பி வந்தால் காத்திருந்தது வீண். அதைவிட மோசமானது, கவிஞருக்கு வேறு சொல் அகப்படவில்லை என்ற இரகசியம் அவையில் அம்பலமாவது.

எனினும் சொல் திரும்புவதே குற்றம் என்று கொள்வது பொருந்தாது. 1889-இல் வெளிவந்த ‘கிளான்சி ஆஃப் தி ஓவர்ஃப்ளோ’ என்ற பேட்டர்சனின் கவிதையில் முதற்செய்யுளின் மூன்றாம் அடி இரு பாதிகளாகப் பிரிகிறது. இரண்டும் ‘ஹிம்’ என்ற ஒரே சுட்டுப்பெயரில் முடிகின்றன. ஆயினும் அழுத்தம் அச்சொல்லின்மேல் விழாமல் அதற்கு முன்னுள்ள அசையில் விழுந்து, அங்கே மெய் மாறி உயிர் ஒத்திருப்பதால், இது ‘ஈரசை இயைபு’ என்ற வகையில் அடங்கிவிடுகிறது. லாசனின் ‘ஃபேசஸ் இன் தி ஸ்ட்ரீட்’ (1888) இன்னும் துணிச்சலானது. அதன் முதற்செய்யுளில் தெருவைக் குறிக்கும் ‘ஸ்ட்ரீட்’ இருமுறை ஈற்றில் நிற்கிறது. ஆனால் ‘மீட்’, ‘ஃபீட்’ என்ற வேறு சொற்கள் அதனோடு கூடி இயைவதால், திரும்பி வரும் அச்சொல் பல்லவியின் வேலையைச் செய்கிறது. தெருவில் ஓயாமல் கடந்துபோகும் முகங்களைப் பற்றிய கவிதைக்கு இந்த மீள்வருகை மிகவும் தகும். தனக்குத் தானே ஒரே துணையாக நிற்கும் சொல்லே பிழை. (இத்தாலியக் கவிஞர் தாந்தே தம் பெருங்காப்பியத்தில் கிறிஸ்துவின் பெயரை அப்பெயரோடு மட்டுமே இயைத்தார் என்பது உண்மைதான், அது பக்தியால் வகுத்துக்கொண்ட நெறி, சொற்பஞ்சம் அன்று.)

வழக்குக்கு உரியது இன்னொரு வகை: ஒலி ஒன்றாகவும் பொருள் வேறாகவும் அமையும் இணை. மழையும் ‘ரெயின்’, குதிரையின் கடிவாள வாரும் ‘ரெயின்’. எழுத்து மட்டுமே வேறு. மெய்யொலி மாறாமையால் கண்டிப்பான நடுவர்கள் இதையும் தள்ளிவிடுவர். பிரெஞ்சு மரபோ இதை ‘வளமான இயைபு’ என்று போற்றுகிறது. ஆங்கிலக் கவிஞர் சாசரும் தம் காண்டர்பரி கதைகளின் முன்னுரையில் தேடுதலையும் நோயுறுதலையும் குறிக்கும் ஒரே ஒலியுடைய சொற்களை அடுத்தடுத்த ஈறுகளில் வைத்தார். மடக்கு என்றே ஓர் அணியை வகுத்து, வந்த சொல்லே பொருள் மாறி வருவதைச் சுவைத்த தமிழ் வாசகர்க்கு இதில் குறை காண்பது கடினம். மழைக்கு ஏங்கும் நாட்டில், குதிரைமேல் வாழ்ந்தவர்களின் கவிதையில், மழையும் கடிவாளமும் ஒரே ஒலியில் சந்திப்பது மொழி தானாகத் தந்த கொடை. இரண்டாவது சொல் எது என்பதை வாக்கியம் ஐயமின்றி உணர்த்துமாயின், நடுவர்கள் அதற்கு மதிப்பெண்ணைக் குறைக்காதிருப்பதே நேர்மையான தீர்ப்பாகும்.