ஸ்டுட்கார்ட் மதிப்பெண்ணும் அலிபிரி வளைவும்

அன்புள்ள தம்பி,

புதுக் கார் வாங்கப் போகிறாய். ஓட்டுநருக்கு உதவும் தானியங்கி வசதிகள், அதாவது ‘அடாஸ்’, உள்ள வண்டிகளில் எது நல்லது என்று கேட்டிருக்கிறாய். மெர்சிடிஸ்-பென்ஸின் தலைமையகம் உள்ள, பாஷ் நிறுவனம் பிறந்த ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறேன் என்பதால் என்னைக் கேட்கிறாய். ஆனால் நீ ஓட்டப்போவது திருப்பதியில். அம்மாவையும் அப்பாவையும் ஏற்றிக்கொண்டு அலிபிரி சோதனைச்சாவடியைத் தாண்டித் திருமலை ஏறப் போகிறாய். பதிலை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இந்த நாட்டில் ஷ்டிஃப்டுங் வாரன்டெஸ்ட் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. 1964இல் அரசு ஏற்படுத்தியது. சலவை இயந்திரமோ இஸ்திரிப் பெட்டியோ, எதைச் சோதிப்பதானாலும் யாரென்று சொல்லாமல் கடையில் காசு கொடுத்து வாங்கித்தான் சோதிப்பார்கள். அதன் பத்திரிகையில் விளம்பரம் கிடையாது. ஒரு பொருளைப் பற்றி யார் என்ன சொன்னாலும், அவருக்குக் காசு கொடுத்தது யார் என்று முதலில் கேட்கும் பழக்கம் எனக்கு அதைப் படித்து வந்தது.

அடுத்த கேள்வி, எதற்கு மதிப்பெண் போடுகிறார்கள் என்பது. 2020இல் கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப், ஓட்டுநர் உதவி வசதிகளுக்கென்றே தனிச் சோதனை நடத்தியது. டெஸ்லா மாடல் 3, ஆபத்து நேரத்தில் காப்பதில் 100க்கு 95 வாங்கியது. ஓட்டுநரை விழிப்போடு வைத்திருப்பதில் 36தான். ‘ஆட்டோபைலட்’ என்ற பெயரே வண்டி தானாக ஓடும் என்று நம்பவைக்கிறது என்பதும் குறையாகச் சேர்ந்தது. 2024இல் அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான ஐஐஎச்எஸ், ஓட்டுநரின் கவனத்தைக் கண்காணிக்கும் பாதுகாப்பு ஏற்பாடுகளை 14 வண்டி அமைப்புகளில் சோதித்தது. 11 அமைப்புகள் ‘மோசம்’ என்ற தரத்தையே பெற்றன. எவ்வளவு வேலையை வண்டி தானே செய்கிறது என்பதைவிட, தன்னால் முடியாத இடத்தில் எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு தெளிவாக உன்னிடம் சொல்கிறது என்பதே எனக்குப் பெரிது.

முடியாத இடம் உன் ஊரிலேயே இருக்கிறது. 1944இல் திறந்த பழைய மலைப்பாதைதான் இப்போது இறங்கும் வழி. முப்பதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். இந்த உதவி வசதிகளோ, கோடு தெளிவாகப் போட்ட நெடுஞ்சாலையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. கேமராவும் ரேடாரும் நேரே முன்னால் பார்ப்பவை. முன்னே போகும் வண்டிக்கேற்ப வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் அடாப்டிவ் க்ரூஸைப் போட்டிருந்தால், முன்னே போன அரசுப் பஸ் வளைவில் திரும்பி மறைந்ததும், வண்டி சாலை காலி என்று எடுத்துக்கொண்டு, நீ வைத்த வேகத்தை எட்டப் பாயலாம். கூர்மையான வளைவிலும் செங்குத்தான இறக்கத்திலும் அடாப்டிவ் க்ரூஸை இயக்காதே என்று பல வண்டிகளின் கையேடுகளே எச்சரிக்கின்றன. இறக்கத்தில் பிரேக்கை மட்டுமே நம்பி வேகத்தைப் பிடித்தால் அது சூடேறித் தளர்ந்துபோகும். மலையிலிருந்து வரும் ஆபத்து வேறு: 2021 டிசம்பரில் ஏறும் பாதையில் பாறைகள் உருண்டு விழுந்து போக்குவரத்து நின்றது. மேலிருந்து விழுவதைச் சாலையைப் பார்க்கும் கேமரா முன்கூட்டிச் சொல்லாது.

திருமலைக் கோயிலை நிர்வகிக்கும் தேவஸ்தானம் மலைப்பாதையில் வைத்திருக்கும் வேகக் கட்டுப்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். ஏற 28 நிமிடம், இறங்க 40 நிமிடம். அதற்கு முன்னால் போய்ச் சேர்ந்தால் அபராதம். இங்கே ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் புதிய கார்கள் எல்லாவற்றிலும் வேக எச்சரிக்கை கட்டாயம். பீப் ஒலி எரிச்சலூட்டுகிறது என்று அதை அணைத்துவிடுகிறவர்கள் உண்டு. மலையடியிலும் உச்சியிலும் நேரம் பார்க்கும் சாவடியை அப்படி யாரும் அணைக்க முடியாது.

அதற்காக அடாஸே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். தானியங்கி அவசர பிரேக்குக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம். ரேணிகுண்டா சாலையில் திடீரென்று குறுக்கே வரும் பைக்கில் மோதாமலிருக்க அது உதவக்கூடும். ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் பிடிக்கும் ஹில் ஹோல்டும் அவசியம். தடம் விலகாமல் ஓட்டும் வசதிக்காக மட்டும் மேல் மாடலுக்குப் போகாதே. இந்தியாவின் கார் பாதுகாப்புச் சோதனையான பாரத் என்கேப் தரும் நட்சத்திரத்தையும் பார்; ஆனால் அது முதன்மையாக, மோதினால் உள்ளே இருப்பவர் பிழைப்பாரா என்பதைச் சொல்வது.

ஷோரூமில் விளம்பரத் தாளுக்கு முன்னால் கையேட்டைக் கேள். எச்சரிக்கைப் பக்கங்களைப் படித்துவிட்டு விலை பேசு. மலையிலிருந்து இறங்கும்போது க்ரூஸை அணைத்துவிடு, இரண்டாவது கியரில் வா, அந்த 40 நிமிடத்தையும் முழுசாக எடுத்துக்கொள்.

அன்புடன்,
அண்ணன்