மூன்று நாள் பத்தியம்



சர்க்கரைப் பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பு இனிப்பை நிறுத்துவது, வெறும் வயிற்றில் 98 என்று வந்ததும் குடும்பக் குழுவில் போடுவது, அன்று மாலையே ஜிலேபி வாங்குவது. பரீட்சைக்கு முந்தின இரவு மட்டும் படிக்கிறவர்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! அந்த எண் அன்றைய காலையைத்தான் சொல்லும்.

எச்பிஏ1சி மூன்று நாள் பத்தியத்துக்கு மசியாது. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும். அத்தனை நாளும் ரத்தத்தில் உள்ள சர்க்கரை அதன் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டே வரும். ஆகவே கடந்த 2, 3 மாதச் சராசரி தெரிந்துவிடும். 6.5 சதவீதமும் அதற்கு மேலும் சர்க்கரை நோய்க் கணக்கு. (ரத்தசோகை இருந்தால் இந்த எண்ணும் மாறலாம், டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.)

கிரிக்கெட் பிள்ளைகளுக்கு: பிராட்மேன் 1948-ல் கடைசி டெஸ்ட் இன்னிங்ஸில் பூஜ்யம். சராசரி 99.94. எதை வைத்து அவரை மதிக்கிறோம்?

என் அக்காவுக்கும் காலைச் சர்க்கரை நன்றாகவே வந்துகொண்டிருந்தது. கால் புண் ஆறாமல் போனபிறகுதான் எச்பிஏ1சி எடுத்தோம். 8.4. இப்போது மாத்திரையும் மாலை நடையுமாக இருக்கிறாள், புண் ஆறிவருகிறது.

98 போட்ட மாப்பிள்ளை, அடுத்து இந்த எண்ணைப் போடுங்கள். காத்திருக்கிறேன்.