உப்புத் தின்ற வண்டி

மாடு வாங்கப் போகிறவனுக்குத் துணையாகப் போவது எங்கள் பக்கத்தில் ஒரு கௌரவம். யாரை வேண்டுமானாலும் அழைத்துக்கொண்டு போய்விட மாட்டார்கள். பல்லைப் பிடித்துப் பார்த்து வயசு சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும். சுழி பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். தரகர் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடிக்கும்போது, முகத்தில் ஒன்றையும் காட்டிக்கொள்ளாமல் நிற்கத் தெரிந்திருக்க வேண்டும். இந்த மூன்றும் தெரியாத ஒருவரையும் சில சமயம் அழைத்துப் போவதுண்டு. வாங்குகிறவன் ஆசை மிகுந்து அவசரப்படும்போது, "இருப்பா, இன்னும் ஒரு தரம் பார்ப்போம்" என்று சொல்வது ஒன்றுதான் அவருக்கு வேலை. என் பள்ளித் தோழர் ஒருவர் சென்ற மாசி மாதம் என்னை அழைத்துப் போனது இந்தக் கடைசி உத்தியோகத்துக்குத்தான். வாங்க நினைத்ததோ ஒரு மோட்டார் கார்.

தோழருக்கு உச்சிப்புளிக்குப் பக்கத்தில் ஊர். வளைகுடா நாட்டில் 18 வருஷம் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கும் வேலை செய்துவிட்டு, இனிப் போவதில்லை என்று திரும்பி வந்தவர். வீடு கட்டியாயிற்று. தங்கைக்குக் கல்யாணம் செய்தாயிற்று. பெண் பிளஸ் டூ படிக்கிறாள். கையில் மிச்சம் 25 லட்ச ரூபாய் சொச்சம். அதில் 24 லட்சத்தைக் கொடுத்து ஒரு வண்டி வாங்க வேண்டும் என்பது அவர் திட்டம்.

எந்த வண்டி என்று கேட்டேன். பெயரைச் சொன்னார். பி.எம்.டபிள்யூ. எக்ஸ்3, ஆடி க்யூ5, மெர்சிடிஸ் ஜி.எல்.சி., வால்வோ எக்ஸ்.சி.60 என்று ஒரு ஜாதி இருக்கிறதல்லவா? யானை மாதிரி பெரிதாகவும் இல்லாமல், குதிரைக் குட்டி மாதிரி சிறிதாகவும் இல்லாமல், உயரமாக நின்று நாலு பேரைத் திரும்பிப் பார்க்க வைக்கும் ஜாதி. அதில் ஒன்று, 2018-ஆம் வருஷத்தது. புதிதாக இன்று அந்த ரகத்தை வாங்க வேண்டுமானால் 65, 70 லட்சம் என்று போய்விடும். ஏழெட்டு வருஷத்தில் மூன்றில் ஒரு பங்காக இறங்கிவிடுகிறது. முதல் சொந்தக்காரர் நஷ்டப்பட்டதை நமக்கு லாபம் என்று மனசு கணக்குப் போடுகிறது. விலை இறங்கிய செய்தி மட்டும் அதன் உதிரிப் பாகங்களுக்கு எட்டுவதே இல்லை. அவை இன்னமும் 70 லட்ச ரூபாய் வண்டியின் பாகங்களாகவே இருக்கின்றன. ஒரு விளக்கு உடைந்தாலும், கியர் பாக்ஸ் முனகினாலும், ராமநாதபுரத்துக்காரன் மதுரைக்கோ அதற்கும் அப்பாலோ ஓட வேண்டும்.

இதையெல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு, "அங்கே எங்க முதலாளி வீட்டு வாசல்ல இதே வண்டி நிக்கும்யா. ஏ.சி. பார்க்கப் போறப்பல்லாம் அதைத் தாண்டித்தான் உள்ள போவேன். ஒரு நாள்கூடக் கைய வச்சதில்ல" என்றார். அதற்கு மேல் நான் உதிரிப் பாகத்தைப் பற்றிப் பேசவில்லை.

வண்டி பார்க்கத் தெரிந்தவராக மண்டபத்திலிருந்து ஒரு பாய் வந்தார். முப்பது வருஷம் விசைப்படகு என்ஜின்களோடு மல்லுக்கட்டிவிட்டுக் காருக்கு மாறியவர். வண்டி ராமேசுவரத்தில் ஒரு தங்கும் விடுதிச் சொந்தக்காரரிடம் இருந்தது. பாய் முதல் நாளே தோழரிடம் ஒரு நிபந்தனை போட்டார்: "ராத்திரி நிறுத்துன வண்டிய, காலையில நாம போற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணக் கூடாதுன்னு சொல்லிருங்க தம்பி." சூடாயிருக்கிற என்ஜின் தன் நோவுகளை மறைத்துவிடுமாம். குளிர்ந்து கிடப்பதைக் கிளப்பும்போதுதான் அது இருமுவதும் முனகுவதும் தெரியுமாம்.

விடியற்காலையில் பாம்பன் பாலத்தைத் தாண்டிப் போனோம். பாய் முதலில் என்ஜின் மூடி மேல் உள்ளங்கையை வைத்தார். குளிர்ந்திருந்தது. பிறகு கிளப்பச் சொல்லிப் புகையைப் பார்த்தார். நீலப் புகை வந்தால் என்ஜின் ஆயிலைக் குடிக்கிறது என்று அர்த்தம். கறுப்பாக வந்தால் டீசல் சரியாக எரியவில்லை. வெள்ளைப் புகை நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் குளிர்விக்கும் தண்ணீர் உள்ளே கசிகிறது. மூன்றும் இல்லை. அடுத்து, தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை எடுத்து வண்டியின் உடம்பெங்கும் வைத்துப் பார்த்தார். பெயிண்டின் கனத்தை மைக்ரான் கணக்கில் சொல்லும் கருவி அது. தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட் 100 முதல் 150-க்குள் நிற்கும். ஒரு பின்கதவு மட்டும் 400 காட்டிற்று. "இங்க இடிபட்டுப் பட்டி பார்த்திருக்காக" என்றார். விடுதிக்காரர் தயங்காமல் ஒப்புக்கொண்டார்.

டயரின் பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கிறது. முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2319 என்றால் 2019-ஆம் வருஷத்தின் 23-வது வாரத்தில் செய்தது. மாட்டின் பல்லைவிட இது சுலபம். ஓடிய தூரம் 62,000 கிலோமீட்டர் என்று மீட்டர் காட்டிற்று. மீட்டரைத் திருத்துகிற கைகாரர்கள் உண்டு என்பதால், பாய் ஒரு ஸ்கேனரைச் சொருகி, வண்டியின் வேறு கம்ப்யூட்டர்கள் தனித்தனியே எழுதி வைத்திருந்த கணக்கையும் பார்த்தார். பிரேக் மிதியின் ரப்பர் தேய்மானத்தையும் ஸ்டீயரிங் தோலையும் பார்த்தார். எல்லாம் ஒத்து வந்தது.

பிறகு சீட் பெல்ட்டை அடி வரைக்கும் இழுத்தார். எதற்கு என்று கேட்டேன். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியானால் பெல்ட்டின் உள் மடிப்பில் சேறு ஒரு கோடு போட்டிருக்குமாம். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் சென்னையிலும் தூத்துக்குடிப் பக்கமும் எத்தனை கார்கள் தண்ணீருக்குள் நின்றன என்பதை நினைத்துக்கொண்டேன். காயவைத்து, வாசனை தெளித்து விற்றுவிடுவதும் உண்டு. மாற்றுச் சக்கரம் வைக்கும் குழியையும், இருக்கைத் தண்டவாளத்தின் போல்ட்டுகளையும், விளக்குக் கண்ணாடிக்குள் ஈரத் திவலை இருக்கிறதா என்பதையும் பார்த்தார். சுத்தம்.

காகிதங்களைப் பார்க்கிற வேலை எனக்கு. சேஸிஸ் எண்ணும் ஆர்.சி. எண்ணும் பொருந்தின. கடன் பாக்கிப் பதிவு நீக்கப்பட்டிருந்தது. தமிழ்நாட்டுப் பதிவுதான். டில்லிப் பக்கத்திலிருந்து வந்த டீசல் வண்டியோ என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அங்கே 10 வருஷம் கடந்த டீசல் வண்டிகளைப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் தடுத்த பிறகு, வயசு நெருங்கியவை மலிவு விலையில் தெற்கே வரத் தொடங்கிவிட்டன. ஒரே மாநிலத்துக்குள் கைமாறினால், விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவித்துவிட வேண்டும் என்பது 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம். சும்மா நிற்கும் நாட்களில் யாத்திரிகர்களுக்கு வாடகைக்கு விடலாமே என்று தோழர் ஓர் யோசனை வைத்திருந்தார். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு விடக் கூடாது, அதற்கு மஞ்சள் பலகை வேண்டும் என்று அதையும் தட்டிவிட்டேன்.

தோழர் இதற்குள் ஓட்டுகிறவர் இருக்கையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு பித்தானை அழுத்தினார். கூரை திறந்து வானம் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்தவர்கள் 24 லட்சம் ஒரு பெரிய தொகை என்று சொல்லத் துணிய மாட்டார்கள்.

பாய் மட்டும் காணவில்லை. வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார்.

"புதுசாக் கறுப்புப் பூச்சு அடிச்சிருக்காக" என்ற குரல் வந்தது. "கடலோரம் பாருங்க, பாதுகாப்புக்கு" என்றார் விடுதிக்காரர். நியாயமான பதில்தான். பாய் ஸ்பானரின் கைப்பிடியால் ஒவ்வோர் இடமாகத் தட்டினார். ணங், ணங் என்று கேட்டுக்கொண்டு வந்த சத்தம் ஓரிடத்தில் தொப்பென்று கேட்டது. அங்கே ஸ்குரூ டிரைவரின் நுனியை வைத்து நெம்பினார். கறுப்புத் தோலோடு சேர்ந்து, பொரித்த அப்பளம் மாதிரி துரு ஏடு ஏடாக உதிர்ந்தது. வெளியே வந்தவர், கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வடிவதற்கென்று இருக்கும் துளைக்குள் சுண்டு விரலை விட்டார். விரலில் ஒட்டிய வெள்ளைத் தூளை நாக்கில் வைத்தார்.

"உப்பு" என்றார். "இது காத்து உப்பு இல்ல தம்பி. தண்ணி உப்பு."

விடுதிக்காரர் வீட்டு டிரைவர் பையன் கள்ளங்கபடமில்லாதவன். "அரிச்சல்முனைக்கு கெஸ்ட்டைக் கூட்டிட்டுப் போறப்ப, போட்டோவுக்காக அலைக்கிட்ட எறக்குவோம்ணே" என்றான். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு வெகு காலம் அந்த முனைக்குச் சாலையே கிடையாது. மணலிலும் தண்ணீரிலும் வேன்கள்தான் தத்தித் தத்திப் போகும். 2017-ல் தார்ச்சாலை திறந்தார்கள். மணலில் இறங்கும் ஆசை மட்டும் சிலருக்கு விடவில்லை போலிருக்கிறது. விடுதிக்காரர் பொய் சொல்லவில்லை. நாங்கள் கேட்டவற்றுக்கெல்லாம் சரியாகத்தான் பதில் சொன்னார். இதை நாங்கள் கேட்கவில்லை.

கல்லூரிப் படிப்பு இரண்டு வருஷத்தோடு நின்றுபோன எனக்கு ரசாயனத்தில் மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான். இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் பிராணவாயுவும் போதும். உப்புச் சேர்ந்தால் அந்தத் தண்ணீர் மின்சாரத்தைச் சுலபமாகக் கடத்துகிறது, அரிப்பு வேகம் பிடிக்கிறது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்வதால் இரும்பு காய்வதே இல்லை. அலுமினியமும் இரும்பும் சேருகிற இடத்தில் அலுமினியம் முதலில் கரைகிறது. இந்த ரக வண்டிகளில் அடியில் அலுமினியம் நிறையவே இருக்கிறது. பாய் இதையே சுருக்கமாகச் சொன்னார்: "பெயிண்ட் போனா அழகு போகும். பிரேக் குழாய் போனா ஆள் போயிருவாக."

விடுதிக்காரர் அந்த இடத்திலேயே 4 லட்சம் குறைத்தார். தோழர் என்னைப் பார்த்தார். நான் என் உத்தியோகத்தைச் செய்தேன். இன்னும் ஒரு தரம் பார்ப்போம் என்று சொல்லி அவரைக் கிளப்பிக்கொண்டு வந்தேன்.

திரும்பும்போது பாலத்தின் மேல் ஒருவரும் பேசவில்லை. 1988-ல் திறந்த இந்தச் சாலைப் பாலத்திலிருந்து பார்த்தால் பக்கத்தில் ரயில் பாலம் தெரியும். 1914-ல் கட்டிய பழைய ரயில் பாலம் நூறு வருஷத்துக்கு மேல் தாக்குப் பிடித்தது. சுரண்டுவதும் பூசுவதும் பாகங்களை மாற்றுவதுமாக அதற்குப் பின்னால் ஆட்கள் ஓயாமல் நின்றார்கள். கடைசியில் 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்த புதுப் பாலத்துக்குத் துருவேறாத எஃகுக் கம்பியும், பாலிசிலாக்சேன் என்ற விசேஷப் பூச்சும் போட்டிருக்கிறார்கள். ஒரு சர்க்காரே இவ்வளவு பாடுபட வேண்டிய உப்போடு ஒரு தனி மனிதர் சம்பளச் சேமிப்பை வைத்துக்கொண்டு மோதுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தோழர் திடீரென்று சொன்னார்: "ஊருக்கு வந்ததிலேருந்து ஒருத்தன் அங்க என்னப்பா வேலை பார்த்தேன்னு கேக்கலய்யா. என்ன வண்டி வாங்கப் போறேன்னுதான் கேக்குறாக." இந்தக் கேள்விக்கு வைத்துப் பார்க்க பாயிடம் கருவி இல்லை. என்னிடமும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பாய் ஒரு வழி சொன்னார். கோயமுத்தூர்ப் பக்கம் இதே வண்டி கடல் காற்றுப் படாததாகக் கிடைக்கும். வாங்கலாம். ஆனால் இங்கே வைத்திருந்தால், வாரம் ஒரு தரம் அடிப்பக்கம் முழுக்க நல்ல தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். கிணற்றுத் தண்ணீர் ஆகாது, அதுவே உப்பு.

தோழரின் மனைவி அதுவரை நிலைப்படியில் சாய்ந்துகொண்டு கேட்டிருந்தார். "தண்ணியில்லாக் காடு" என்று பெயர் வாங்கிய ஜில்லா இது. காவிரித் தண்ணீர் குழாயில் வருகிற நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. வராத நாளில் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு போகிறவர் அவர்தான்.

"வண்டிக்கு ஊத்தவா நான் கொடம் தள்ளுறேன்?" என்றார். கோபமாகக்கூட இல்லை. கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அத்துடன் மதிப்பீடு முடிந்தது.

தோழர் இப்போது ஒரு சிறு சரக்கு வண்டி வாங்கி, ராமேசுவரத்து விடுதிகளுக்குக் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கிறார். மாடிகளில் நிற்கும் வெளிப்புறக் கருவிகளை உப்பு தின்றுகொண்டே இருக்கிறது. அதனால் அவருக்கு வேலைக்குக் குறைவில்லை. பெண்ணின் படிப்புக்கென்று எடுத்து வைத்த பணம் அப்படியே இருக்கிறது. சில ராத்திரிகளில் கைபேசியில் அந்த வண்டியின் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதாக அவர் மனைவி சொல்கிறார். பார்த்துவிட்டுப் போகட்டும், படம் துருப்பிடிக்காது.

அந்த விடுதிக்காரரின் வண்டி பத்தே நாளில் விற்றுப்போயிற்றாம். பாய் நெம்பிய இடத்தில் மறுபடி கறுப்பு அடித்திருப்பார்கள். வாங்கியவர் கடலையே அடிக்கடி பார்த்திராத வெளியூர்க்காரர் என்று டிரைவர் பையன் சொன்னான். சத்தத்தைக் கேட்டுச் சொல்ல, அவரோடு யாராவது ஒரு பாய் போயிருக்க வேண்டுமே என்றுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.