முழங்கால் பயிலும் சங்கீதம்

வாத்தியம் என்றால் கையும் வாயும் தொழிற்படும் காரியம் என்றே நம்மில் பெரும்பாலோர் எண்ணிப் பழகியிருக்கிறோம். காலுக்கு அதில் பங்கு உண்டென்றால் தாளம் போடுவதோடு சரி. முழங்காலுக்கோ அதுவும் இல்லை. ஆகவே, கொல்லிமலையில் திருப்புலி நாட்டுச் சிற்றூர் ஒன்றின் ஜெபவீட்டில் பழைய கால் ஆர்கன் ஒன்று பழுது பார்க்கப்படுகிறது என்றும், அதை வாசிக்க ஒரு பெண் முழங்காலைப் பழக்கிக்கொண்டிருக்கிறாள் என்றும் நாமக்கல் நண்பர் ஒருவர் சொன்னபோது, காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி ஏறும் பஸ்ஸில் இடம் பிடிக்க வேறு காரணம் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது பெட்டியின் பின்பலகை கழற்றப்பட்டு, உள்ளிருந்த துருத்தியும் நாடாக்களும் கம்பிகளும் வெளியே தெரிந்தன. சமவெளியிலிருந்து வந்திருந்த வயோதிகர், ஒரு காலத்தில் நாடகக் கொட்டகைகளுக்கும் கூத்து ஜமாக்களுக்கும் ஆர்மோனியம் செப்பனிட்டவர், பித்தளை ரீடுகளை ஒவ்வொன்றாகச் சிறு கொக்கியால் வெளியே இழுத்து, நாக்கின் அடியில் சிக்கியிருந்த தூசியை ஊதிவிட்டு, பழந்துணியின்மேல் வரிசை பிசகாமல் அடுக்கிக்கொண்டிருந்தார். சுருதி குறைந்த நாக்கை நுனியில் இலேசாகச் சுரண்டினால் சுருதி ஏறும். ஏறியிருந்தால் அடியில், ஆணி பதிந்த இடத்தருகே, சுரண்ட வேண்டும். சுரண்டிய பித்தளையை மறுபடி ஒட்ட முடியாதாகையால், ஒரு முறை சுரண்டுவதற்கு முன் அவர் பல முறை காது கொடுத்துக் கேட்டார். மலையின் ஈரமும் எலியும் செய்திருந்த சேதம் ரீடுகளில் குறைவு. துருத்தித் துணியிலும் வால்வுத் தோலிலும்தான் அதிகம்.

இந்த ஆர்கனின் அமைப்பைச் சொல்லாமல் முழங்காலின் வேலையைச் சொல்ல இயலாது. கீழே இரண்டு மிதிகள். ஒவ்வொன்றும் ஒரு நாடாவை இழுத்து, ஒரு துருத்தியை இயக்குகிறது. பிரெஞ்சு வகைப் பெட்டிகளில் துருத்தி காற்றை ரீடுகளின் வழியே வெளியே தள்ளும். அமெரிக்க வகையைச் சேர்ந்த இதிலோ, உள்ளிருக்கும் காற்றைத் துருத்தி உறிஞ்சிவிட, வெளிக்காற்று ரீடுகளின் வழியே உள்ளே பாய்கிறது. அதனால்தான் இதன் நாதம் சற்று மிருதுவாக இருக்கிறது. கட்டைகள் பொருந்திய மேசைக்கு அடியில், வாசிப்பவரின் முழங்கால் உயரத்தில், இரண்டு சிறிய மரப்பலகைகள் தொங்குகின்றன. வலது முழங்காலால் வலப்புறப் பலகையை வெளிப்பக்கமாகத் தள்ளினால், ரீடுகளை மூடியிருக்கும் கம்பளி ஒட்டிய மரக்கதவு மேலே திறந்து நாதம் பெருகும்; காலைத் தளர்த்தினால் ஸ்பிரிங் அதை மூடிவிடும். இடது முழங்காலால் இடப்புறப் பலகையைத் தள்ளினாலோ, முன்னாலுள்ள குமிழ்களில் எது இழுக்கப்பட்டது, எது இழுக்கப்படவில்லை என்ற பேதமின்றி, பெட்டியிலுள்ள ரீடுகள் அனைத்தும் சேர்ந்து ஒலிக்கும்.

இவ்வளவு ஏற்பாடு எதற்கு என்றால், ஆர்கனின் கட்டையை மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் எழும் ஒலி ஒன்றே. வீணையில் மீட்டும் விரலும் மிருதங்கத்தில் தட்டும் விரலும் தாமே ஒலியின் ஏற்றத்தாழ்வை நிர்ணயிக்கின்றன. இங்கோ விரல் ஸ்வரத்தை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டு ஒதுங்க, பாவம் முழுவதும் இடுப்புக்குக் கீழே இறங்கிவிடுகிறது. நம் நாட்டில் இந்தக் கலை பரவாமற்போனதற்குக் காரணமும் எளிதில் விளங்கும். பாரிஸ் நகரத்து தெபாங் 1840களில் ஆர்மோனியத்தை உருவாக்கியபோது அது நாற்காலியில் அமர்ந்து வாசிக்கும் மிதிப்பெட்டி. கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் அதைத் தரையில் உட்கார்ந்து வாசிக்கும் கைப்பெட்டியாக மாற்றியபோது, காலின் உத்தியோகத்தை இடது கை ஏற்றுக்கொண்டது. முழங்கால் சம்மணத்துக்குள் மடங்கிப்போயிற்று. நாடக மேடையின் கால் ஆர்மோனியமும், இத்தகைய ஜெபவீடுகளின் ஆர்கனும் மட்டுமே காலைக் கைவிடவில்லை.

கற்றுக்கொண்டிருந்த பெண்ணுக்குப் பதினைந்து வயதிருக்கும். கற்பித்தவர், அதே ஆலயத்தில் நெடுங்காலம் வாசித்துவந்த மூதாட்டி. பழுது முடிந்த பகுதிகளைத் திரும்பப் பொருத்தியதும் அவர்கள் அப்பியாசத்தைத் தொடங்கினார்கள். அவள் விரல்களில் குறையில்லை. கீர்த்தனையின் மெட்டு பிசகின்றி வந்தது. ஆனால் பல்லவியின் உச்சத்தில் நாதத்தைப் பெருக்கவேண்டி வலது முழங்காலைச் சாய்த்த க்ஷணத்தில், அதே காலின் பாதம் மிதிப்பதை மறந்துவிட்டது. கதவு திறந்தது, காற்றோ இல்லை. பெருகவேண்டிய நாதம் துவண்டு விழுந்தது. மறுமுறை பாதத்தை அவள் நினைவில் வைத்துக்கொண்டாள். முழங்காலின் வேகம் பாதத்துக்கும் தொற்றிக்கொள்ள, மிதி தடதடவென்று ஓடி, பாட்டின் காலப்பிரமாணமும் பின்னோடு ஓடியது.

“குதிகால் பெயரக்கூடாது கண்ணு. கணுக்கால் மிதிக்கட்டும், தொடை சாயட்டும். ரெண்டும் ஒண்ணையொண்ணு பார்க்கவே கூடாது” என்றார் பாட்டி.

“சாய்க்கிறப்போ தானா வேகம் வந்திருது பாட்டி.”

“கையை எடு. பாட்டு வேண்டாம், காத்து மட்டும் போதும்.”

அதன்பின் நெடுநேரம் அந்த அறையில் சங்கீதம் இல்லை. துருத்தியின் மூச்சும், மிதியின் முனகலும், நான்கு மிதிக்கு ஒரு முறை முழங்கால் பலகை நகரும் ஓசையும், பாட்டியின் “மிதி, மிதி, மிதி, சாய்” என்ற குரலும்தான் கேட்டன. நான் அறிந்த எந்தச் சாதகத்திலும் இதைவிடச் சிறந்த முறையை நான் கண்டதில்லை. ஸ்வரத்தை நீக்கிவிட்டு, அவயவத்தை மட்டும் தனியே நிறுத்திப் பழக்குகிற முறை அது.

இதே கஷ்டத்தை உலகின் மறுகோடியில் வேறொரு வாத்தியக்காரர் கூட்டம் அனுபவிக்கிறது. அமெரிக்காவின் பெடல் ஸ்டீல் கித்தார், பத்துத் தந்திகளைக் கிடையாக வைத்து, இடது கையில் எஃகு உருளையை நகர்த்தி வாசிக்கப்படுவது. அந்த அளவில் நம் கோட்டுவாத்தியத்துக்கு அது தூரத்து உறவு. நம்முடையதில் கமகம் முழுவதும் கருங்காலி உருளை பிடித்த கையின் பொறுப்பு. அவர்களுடையதில் உருளை அசையாமல் நிற்க, மிதியும் முழங்கால் நெம்புகோலும் தனித்தனித் தந்தியை இழுத்தோ தளர்த்தியோ ஸ்வரத்தை மாற்றும். 1954இல் வெப் பியர்ஸ் பாடி வெளிவந்த ‘ஸ்லோலி’ என்ற இசைத்தட்டில், பட் ஐஸக்ஸ் மிதியை அழுத்த, ஒலித்துக்கொண்டிருந்த தந்தியின் ஸ்வரம் அப்படியே வழுக்கி ஏறியதைக் கேட்ட கித்தார்க்காரர்கள் தங்கள் வாத்தியங்களுக்கு மிதி பொருத்திக்கொள்ள விரைந்தார்கள். மிதிகளோடு முழங்கால் நெம்புகோல்களும் நான்கு, ஐந்து என்று பின்னர் வழக்கமாயின. ஒன்று தந்தியை அரை ஸ்வரம் ஏற்றும், மற்றொன்று அரை ஸ்வரம் இறக்கும். இடது பாதம் மிதியின்மேல் இருக்கும்போதே இடது முழங்கால் பக்கவாட்டில் சாயவேண்டும். வலது பாதமோ ஒலியளவைக் கவனித்தபடி இருக்கவேண்டும். திருப்புலி நாட்டுப் பாட்டி சொன்ன குதிகால் உபதேசம் அந்த வாத்தியத்துக்கும் எழுத்துப் பிசகாமல் பொருந்தும்.

இந்த மலையில் நின்று இதை எண்ணும்போது, இங்கே வளர்ந்த ஒருவரை நினைக்காமலிருக்க முடியவில்லை. மிஷனரிகளான ஜெஸ்ஸி பிராண்டும் ஈவலினும் வாழவந்தி நாட்டில் குடியேறி, மருத்துவம் பார்த்து, தச்சு கற்பித்து வாழ்ந்தவர்கள். ஜெஸ்ஸி 1929இல் காய்ச்சலில் இறந்தார். ஈவலின் 1974 வரை வாழ்ந்து, முதுமையிலும் மலைமலையாக ஊழியம் செய்தார். அவர்களுக்கு 1914இல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் சிகிச்சையில் கீர்த்தி பெற்றார். செயலிழக்காத தசை ஒன்றின் நாணைப் பிரித்து, செயலிழந்த விரலோடு இணைப்பது அந்தச் சிகிச்சை. கத்தியின் வேலை அத்தோடு முடிந்துவிடும். ஆனால் ஒரு காரியத்துக்கென்று பிறந்த தசை வேறொரு காரியத்தைக் கற்கவேண்டிய வேலை நோயாளியிடம் அப்போதுதான் தொடங்கும். எந்த எண்ணத்தை எண்ணினால் அந்த விரல் அசைகிறது என்று அவர் தம் உடம்புக்குள்ளேயே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் பெண் முழங்காலில் தேடிக்கொண்டிருந்ததும் அதுதான் என்று எனக்குத் தோன்றியது. நடக்கவும் மண்டியிடவும் மட்டுமே ஏற்பட்ட மூட்டில், பாட்டின் உணர்ச்சியைச் சொல்லும் ஆற்றல் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைச் சொல்லால் காட்டிக்கொடுக்க எந்த ஆசிரியராலும் முடியாது.

மாலையில் கையும் காலும் மறுபடி சேர்ந்தபோது, பல்லவியின் இரண்டாம் சுற்றில் ஒரு தடவை அது வந்தது. பாதம் மாறவில்லை, நாதம் மட்டும் சன்னமாகத் தொடங்கி அறை நிறைய விரிந்து, அதே நிதானத்தில் சுருங்கியது. அவளே திடுக்கிட்டு வாசிப்பை நிறுத்திவிட்டாள். பாட்டி புகழ்ச்சியாக ஒன்றும் சொல்லாமல், மறுபடி முதலிலிருந்து எடுக்கச் சொன்னார்.

இடப்புறப் பலகையை மட்டும் வயோதிகர் சணல் கயிற்றால் பெட்டியின் காலோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தார். எல்லா ரீடுகளும் ஒருங்கே ஒலிக்கும்போது துருத்தியின் காற்று விரைவில் தீர்ந்துவிடும். அப்போது பாதம் வேகத்தைக் கூட்டவேண்டும், காலப்பிரமாணமோ கூடலாகாது. இப்போது எதைச் செய்யாதிருக்கக் கற்கிறாளோ, அதையே அளவறிந்து செய்யவேண்டிய கட்டம் அது. வலது முழங்கால் படிந்த பிறகு, கிறிஸ்துமஸுக்கு அப்புறம், தாமே வந்து கயிற்றை அவிழ்ப்பதாகவும், வரும்போது இடப்பக்கத்து ஸ்பிரிங்குக்குப் புதுக் கம்பி கொண்டுவருவதாகவும் சொல்லி, அவர் தம் கொக்கியையும் சுரண்டியையும் துணியில் சுற்றிக்கொண்டார்.