இறுக்கு, விடு

"தைரியமாக இரு" என்று சொல்வதைப் போலச் சுலபமான காரியம் உலகத்தில் வேறு இல்லை. 2022 தீபாவளிக்கு மறுநாள், ஆஸ்பத்திரியில், தீக்காயப் பிரிவில் கொசுவலைக்குள் கிடந்த என் அக்காவிடம் நானும் அதைத்தான் சொன்னேன்.

முறுக்கு சுட்ட வாணலியை இறக்கும்போது எண்ணெய் கொட்டி, இடது கையும் தொடையும் வெந்து போயின. எண்ணெய் ஆறட்டும் என்றுதான் அக்கா இருந்தாள். "காபிக்குப் பால் வைக்க வேண்டும், வாணலியை இறக்கேன்" என்று அவசரப்படுத்தியவன் நான்.

காலையில் கட்டு மாற்றுவார்கள் என்றால், முதல் நாள் சாயங்காலமே அவள் உடம்பு விறைத்துவிடும். வராந்தாவில் தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிட்டால் போதும், பல்லைக் கடித்துக்கொள்வாள். இரவெல்லாம் கொட்டக் கொட்ட விழித்திருப்பாள். தூக்கம் கெட்டால் வலி அதிகம் தெரியும். வலி மிஞ்சினால் பயம் மிஞ்சும். பயந்தவளுக்குத் தூக்கம் ஏது? செக்குமாடு மாதிரி, சுற்றிச் சுற்றி அதே இடம். வலிக்கு மருந்து கொடுத்தார்கள். பயத்துக்கு?

ஓர் இரவு, வயதான நர்ஸ் அம்மாள் ஒருத்தி வந்து கட்டிலருகே உட்கார்ந்தாள்.

"வலது கையை மூடுங்கள் அம்மா, எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி. ஐந்து எண்ணுகிற வரைக்கும். ம், இப்போது விட்டுவிடுங்கள். அரை நிமிஷம் அப்படியே கிடக்கட்டும். இறுக்கினபோது எப்படி இருந்தது, விட்டபோது எப்படி இருக்கிறது, அதை மட்டும் கவனியுங்கள்."

அப்புறம் தோள், நெற்றி, தாடை, வயிறு, நல்ல கால். புண் பட்ட இடத்தையும், தோல் எடுத்து ஒட்டிய இடத்தையும் இறுக்கவே கூடாது என்று எச்சரித்தாள். மொத்தம் இருபது நிமிஷம்.

எனக்கு உள்ளூரச் சிரிப்பு. வெந்த உடம்புக்குக் கையை மூடித் திறப்பதா வைத்தியம்? பிறகுதான் தேடிப் படித்தேன். சிக்காகோவில் எட்மண்ட் ஜேக்கப்ஸன் என்ற டாக்டர் 1929ல் இதைப் பற்றிப் பெரிய புத்தகமே எழுதியிருக்கிறார். தசைகள் உண்மையிலேயே தளர்ந்து கிடக்கும்போது மனம் மட்டும் தனியாகப் பதறிக்கொண்டிருக்க முடியாது என்பது அவர் கட்சி. ஈரானில் தீக்காய நோயாளிகளுக்கே இதைப் பழக்கிப் பார்த்து, கவலை குறைந்து தூக்கம் கூடியதாக 2020ல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். மருந்துக்குப் பதில் அல்ல இது. மருந்தோடு கூட வரும் துணை.

முதல் இரவு ஒன்றும் நடக்கவில்லை. நாலாவது இரவு, பதினொரு மணிக்குக் கண் அயர்ந்தவள் மூன்று மணி வரை தூங்கினாள். கட்டு மாற்றும்போது வலிக்கத்தான் வலித்தது. ஆனால் முதல் நாள் சாயங்காலத்திலிருந்தே வலிப்பது நின்றது.

வீட்டுக்குப் போகிறதற்கு முந்தின இரவு, நர்ஸ் அம்மாள் இல்லை. நான்தான் "இறுக்கு, விடு" சொல்லிக்கொண்டிருந்தேன். மடியில் என் இரண்டு கைகளும் கெட்டியாக மூடியே இருந்ததை நான் கவனிக்கவில்லை. அவள் கவனித்திருக்கிறாள்.

"நீயும் விடுடா" என்றாள் அக்கா.

எதை என்று நான் கேட்கவில்லை.