வீட்டில் கரையானா? முதலில் ஈரத்தைத் தேடுங்கள்!

மழைக்காலத்தில் முதல் நல்ல மழை பெய்து ஓய்ந்த மாலை. தெருவிளக்கு எரிந்ததும் ஈசல் கூட்டம் கூட்டமாக வந்து மொய்க்கும். ஈசலைப் பிடித்து வறுத்து அரிசியோடு சேர்த்துத் தின்ற தலைமுறை கிராமங்களில் இன்னும் இருக்கிறது. நகரத்தில் என்றால் விளக்கை அணைத்துவிட்டு, காலையில் வாசலில் குவிந்து கிடக்கும் இறக்கைகளைக் கூட்டித் தள்ளுவதோடு சரி. அப்படிக் கூட்டித் தள்ளுகிறவர்களில் பலருக்கும் தெரியாத செய்தி ஒன்று உண்டு. அந்த ஈசல்தான் கதவு நிலையைத் தின்கிற கரையான்!

ஈசல் என்பது இறக்கை முளைத்த கரையான். புற்று நன்றாக வளர்ந்து பெருத்த பிறகு, மழை பெய்து மண் இளகும் நேரம் பார்த்து அவை வெளியே பறக்கின்றன. சற்று நேரத்தில் இறக்கையை உதிர்த்துவிட்டு, ஆணும் பெண்ணும் ஜோடியாக ஈர மண்ணைத் தேடிப் போகின்றன. பெரும்பாலானவை பல்லிக்கும் காக்கைக்கும் தவளைக்கும் இரையாகிவிடும். தப்பிப் பிழைக்கிற ஜோடி ஒன்று போதும், புதிய புற்றுக்கு ராஜாவும் ராணியும் தயார். மறுநாள் காலையில் வீட்டுக்குள், அதுவும் ஜன்னல் மூடியிருந்த அறைக்குள், இறக்கைகள் குவிந்து கிடந்தால் அதைச் சும்மா விடக்கூடாது. வீட்டுக்குள்ளேயே எங்கோ புற்று இருக்கலாம் என்பதற்கு அது ஓர் அடையாளம்.

எறும்பு அல்ல, கரப்பானின் உறவு

ஆங்கிலத்தில் கரையானை 'வெள்ளை எறும்பு' என்று சொல்லும் வழக்கம் உண்டு. உண்மையில் எறும்புக்கும் இதற்கும் நெருங்கிய உறவு கிடையாது. எறும்பு இதன் பரம எதிரி. கரையான், கரப்பான் பூச்சிக் குடும்பத்திலிருந்து கிளைத்தது என்பதை 2007இல் வெளிவந்த மரபணு ஆய்வு உறுதிப்படுத்தியது. உலகில் ஏறத்தாழ 3000 வகைக் கரையான்கள் இருக்கின்றன. அவற்றில் வீட்டுக்குத் தொல்லை கொடுப்பவை மிகச் சில.

புற்றுக்குள் ராணி முட்டையிடும், சிப்பாய்கள் காவல் காக்கும், வேலைக்காரக் கரையான்கள் மற்ற எல்லா வேலையையும் பார்க்கும். மரத்தைத் தின்பவை இந்த வேலைக்காரர்கள்தான். இவற்றின் தோல் மிக மெல்லியது. வெயிலும் காற்றும் பட்டால் சீக்கிரம் உலர்ந்து செத்துவிடும். அதனால்தான் இவை திறந்த வெளியில் நடமாடுவதில்லை. மண்ணையும் எச்சிலையும் குழைத்துச் சுவரில் பென்சில் கனத்துக்கு ஒரு குழாய் கட்டிக்கொண்டு, அதற்குள் ஈரம் காக்கப்பட்ட இருட்டில் போய் வருகின்றன. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான விரிசல் இருந்தாலே உள்ளே நுழைந்துவிடும்.

ஆக, கரையானுக்கு மரம் மட்டும் போதாது. மண்ணோடு தொடர்பு வேண்டும், ஈரம் வேண்டும். இந்த இரண்டில் ஒன்றை அறுத்துவிட்டால் பாதிப் போர் முடிந்தது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. உலர்மரக் கரையான் என்றொரு வகை, மண்ணோடு தொடர்பே இல்லாமல் நாற்காலிக்குள்ளும் கட்டிலுக்குள்ளும் குடும்பம் நடத்தும். இது மண் குழாய் கட்டாது. மரத்துக்குக் கீழே கசகசா கொட்டியதுபோல் சிறு சிறு மணிகள் விழுந்து கிடக்கும். மாவு மாதிரித் தூள் கொட்டினால் அது வேறு, மரத்தைத் துளைக்கும் வண்டின் வேலை. 'உளுத்துப் போச்சு' என்று பெரியவர்கள் சொல்வது அதைத்தான்.

ஆசிரியரின் அலமாரி

மாயவரம் பக்கத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். ஓட்டு வீடு, கொல்லையில் கிணறு. கூடத்துச் சுவரோடு ஒட்டி ஒரு மர அலமாரி, அதில் முப்பது வருடமாகச் சேர்த்த புத்தகங்கள். கடைசித் தட்டில், காலமாகிப்போன மனைவி எழுதி வைத்த வீட்டுக் கணக்கு நோட்டுகள். பால் கணக்கு, மளிகைக் கணக்கு, யார் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் என்பது வரைக்கும் அதில் இருந்தது.

அலமாரி முன்பக்கம் பார்க்க அப்படியே இருந்தது. புத்தக முதுகுகள் வரிசையாக நின்றன. ஒரு நாள் ஏதோ தேடி ஒரு புத்தகத்தை இழுத்தார். அட்டை மட்டும் கையோடு வந்தது, உள்ளே மண். கரையானின் வழக்கமே அதுதான். வெளித்தோலை விட்டுவிட்டு உள்ளே தின்னும். புத்தகங்களில் பலவற்றைத் திரும்ப வாங்கலாம். கணக்கு நோட்டுகளை எந்தக் கடையில் வாங்குவது? ஏழு நோட்டில் இரண்டுதான் மிஞ்சின.

அவரும் எல்லோரும் செய்வதைத்தான் செய்தார். மண் குழாயைச் சுரண்டிவிட்டு மண்ணெண்ணெய் அடித்தார். மூன்று வாரத்தில் நான்கு அடி தள்ளிக் கதவு நிலையில் புதுக் குழாய். மறுபடி அடித்தார், மறுபடி வந்தது. கடைசியில் மருந்தடிக்கும் ஆளைக் கூப்பிட்டார்கள்.

"சார், சுவரோரமா சுத்தி ஓட்டை போட்டு மருந்து எறக்கிடலாம். ரெண்டு மணி நேர வேலை."

"தம்பி, கொல்லையில கிணறு இருக்கே, பாத்தீங்களா?"

"எவ்வளவு தூரம் சார்?"

"எட்டடி. அந்தத் தண்ணியிலதான் சோறு வடிக்கிறோம்."

வந்த பையன் நல்லவன். பையைக் கீழே வைத்துவிட்டு வீட்டைச் சுற்றி நடந்தான். அலமாரி நின்ற சுவருக்கு மறுபக்கம் குளியலறை. சுவருக்குள் போன குழாய் கசிந்து, சுண்ணாம்பு பூத்து, செங்கல் எப்போதும் ஈரமாகவே இருந்திருக்கிறது. அதன் அடியில் பழைய விறகுக் குவியல் வேறு. கரையானுக்கு விருந்தும் பந்தலும் சேர்த்தே போட்டு வைத்த கதை!

குழாயை மாற்றினார்கள். விறகு இடம் மாறியது. கிணற்றுப் பக்கத்தை விட்டுவிட்டு, கூடத்துக்குள் தேவையான இடத்தில் மட்டும் மருந்து வைத்தார்கள். அலமாரி சுவரை விட்டு நான்கு விரல் தள்ளி, கல்லின்மேல் ஏறியது. அதன் பிறகு அந்தச் சுவரில் குழாய் வரவில்லை. மண்ணெண்ணெய் செய்யாததை ஒரு பிளம்பர் செய்தார்.

மண்ணெண்ணெய் ஏன் தோற்றது?

மண்ணெண்ணெய், உப்புத் தண்ணீர், வேப்பெண்ணெய், பழைய இன்ஜின் ஆயில் எல்லாவற்றுக்கும் ஒரே கதைதான். மேலே படுகிற கரையான் சாகும், வாசனைக்குக் கொஞ்ச நாள் ஒதுங்கும். ஆனால் புற்று மண்ணுக்குள், பல அடி தள்ளி இருக்கிறது. ராணிக்கு ஒன்றும் ஆவதில்லை. செத்தவற்றுக்குப் பதில் வேறு கூட்டம் வரும். மண்ணெண்ணெயில் தீ ஆபத்தும் உண்டு.

அதற்காகப் பழைய அறிவெல்லாம் வீண் என்று சொல்ல முடியாது. அந்தக் கால வீடுகள் உயரமான கல் அடித்தளத்தின்மேல் நின்றன. மரத் தூணைத் தரையில் நேரே ஊன்றாமல் கல்லின்மேல் நிறுத்தினார்கள். கூரைக்கு வைரம் பாய்ந்த பனையைத் தேர்ந்தெடுத்தார்கள், நிலைக்குத் தேக்கின் வைரத்தைத் தேடினார்கள். வேலிக்கம்பின் அடிப்பகுதியைக் கருக்கி ஊன்றினார்கள். முந்திரித் தோட்டமுள்ள ஊர்களில் முந்திரிக் கொட்டை ஓட்டின் எண்ணெயை மரத்தில் பூசினார்கள். இவற்றில் பாதி, மரத்தை மண்ணிலிருந்து பிரித்து வைக்கிற வேலை. மீதி, கரையானுக்குப் பிடிக்காத மரமாகக் கொடுக்கிற வேலை.

வீடு கட்டும்போதே

கரையானைத் தடுக்க மிகவும் மலிவான நாள், கடைக்கால் தோண்டுகிற நாள். கட்டடங்களைக் கரையானிலிருந்து காப்பதற்கென்று இந்தியத் தர நிறுவனத்தின் விதிமுறை ஒன்று இருக்கிறது. அதன் எண் ஐ.எஸ். 6313. மூன்று பகுதிகள். முதல் பகுதி கட்டும் முறை, இரண்டாவது கட்டுவதற்கு முன் மண்ணுக்கு மருந்து, மூன்றாவது ஏற்கெனவே கட்டிய வீட்டுக்கு மருந்து. முதல் பகுதியில் மருந்தே கிடையாது என்பதைக் கவனியுங்கள். மனையில் உள்ள மரவேர், அடிக்கட்டை, சென்ட்ரிங் பலகைத் துண்டு எதையும் மண்ணுக்குள் விட்டு மூடக்கூடாது. வீட்டைச் சுற்றிலும் விரிசலில்லாத தளம் வேண்டும். சாதாரண வீடுகளில் மேஸ்திரிகள் முதலில் மறப்பது இதைத்தான்.

மருந்துக்கு வருவோம். தளம் போடுவதற்கு முன் நிரப்பிய மண்ணின்மேல் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் கரைசல் என்பது விதி. 1000 சதுர அடி வீடு என்றால் சுமார் 93 சதுர மீட்டர். அதாவது ஏறத்தாழ 465 லிட்டர், அதுவும் தளத்துக்கு மட்டும்! கடைக்கால் சுவரோரத்துக்குத் தனிக் கணக்கு. ஒருவர் இரண்டு வாளி கலந்து தெளித்துவிட்டு 'பத்து வருஷ கேரண்டி' என்று காகிதம் கொடுத்தால், அந்தக் காகிதத்தையும் ஒரு நாள் கரையான் தின்னும். பிறகு குழாய் பதிக்கிறேன் என்று அந்த மண்ணைத் தோண்டினால், தோண்டிய இடத்தில் தடுப்பு அறுந்துபோகும். அந்த இடத்துக்கு மறுபடி மருந்து வேண்டும்.

கட்டிய வீட்டுக்கு

தரையும் சுவரும் சேரும் இடத்தில் 12 மில்லிமீட்டர் விட்டத்தில், 30 சென்டிமீட்டருக்கு ஒன்றாகத் துளை போட்டு, துளைக்கு அதிகபட்சம் ஒரு லிட்டர் கரைசல் இறக்கிச் சிமென்ட் வைத்து மூடுவது மூன்றாம் பகுதி சொல்லும் முறை.

எந்த மருந்து என்பதில்தான் கவனம் வேண்டும். ஒரு காலத்தில் ஆல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர் ஆகியவைதான் உலகமெங்கும் கரையான் மருந்து. பல ஆண்டுகள் மண்ணில் தங்குவதையே பெருமையாகச் சொல்லி விற்றார்கள். அந்தத் தங்கும் குணமே வினையானது. உடம்புக் கொழுப்பிலும் தங்கின. 2001இல் உருவான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் முதல் பட்டியலிலேயே மூன்றும் இடம்பெற்றன. இந்தியாவிலும் இவை தடைசெய்யப்பட்டவை. அவற்றின் இடத்துக்கு வந்த குளோர்பைரிபாஸையும், 2025இல் சில விலக்குகளோடு அதே உடன்படிக்கையின் பட்டியலில் சேர்க்க நாடுகள் முடிவெடுத்தன. இமிடாகுளோபிரிட், பிப்ரோனில் போன்றவை வேறு வகை. கரையான் இவற்றை மோப்பம் பிடித்து ஒதுங்குவதில்லை. மருந்து பட்ட மண்ணில் நடந்து, உடம்பில் ஒட்டியதைக் கூட்டாளிகளுக்கும் கொண்டுபோகும். தீனியில் மருந்து வைக்கும் முறையும் உண்டு. அது தோல் உரிப்பதைத் தடுத்து மெதுவாகக் கூட்டத்தை அழிக்கும். ஆனால் புற்றுக்குள் காளான் வளர்த்துச் சாப்பிடும் கரையான் வகைகளிடம் அது அவ்வளவாக எடுபடுவதில்லை. தமிழ்நாட்டில் புற்றுக் கட்டுபவை பெரும்பாலும் அந்த வகைதான்.

எதுவானாலும் விஷம் விஷம்தான். மருந்தின் பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள். கிணறு, போர், தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அன்றைக்கு வீட்டில் இருக்க வேண்டாம்.

காசில்லாத காவல்

வாடகை வீட்டில் இருப்பவர்களும் விடுதி மாணவர்களும் சுவரில் துளை போட முடியாது. ஆனால் இவற்றைச் செய்யலாம்:

1. அலமாரி, பெட்டி, அட்டைப்பெட்டி எதுவும் சுவரோடு ஒட்டியிருக்க வேண்டாம். தரையிலும் நேரடியாக வேண்டாம்.
2. கசியும் குழாய், ஏ.சி. தண்ணீர், அடைத்த மழைநீர்க் குழாய் மூன்றையும் உடனே சரிசெய்யச் சொல்லுங்கள்.
3. வெளிச்சுவரில் மண்ணையோ விறகையோ பழைய பலகையையோ சாத்தி வைக்காதீர்கள். தோட்ட மண் வீட்டுத் தளத்தின் மட்டத்துக்கு மேல் ஏற விடாதீர்கள்.
4. மாதம் ஒரு முறை டார்ச் எடுத்துக்கொண்டு கதவு நிலை, மீட்டர் பெட்டி, பரண், கட்டிலுக்கு அடி எல்லாம் பாருங்கள். மரத்தை விரலால் தட்டுங்கள். டொக்கு டொக்கு என்று உள்ளீடற்ற சத்தம் கேட்டால் சந்தேகப்படுங்கள்.
5. குழாயைப் பார்த்ததும் முழுவதையும் இடித்துவிடாதீர்கள். நடுவில் ஒரு அங்குலம் மட்டும் உடைத்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். அடைத்திருந்தால் இன்னும் போக்குவரத்து இருக்கிறது என்று பொருள். எங்கிருந்து வருகிறது என்று கீழ்நோக்கித் தேடுங்கள்.
6. பத்திரம், மார்க் ஷீட், பழைய கடிதங்கள் எல்லாவற்றையும் இறுக்கமாக மூடும் எவர்சில்வர் டப்பாவிலோ இரும்புப் பெட்டியிலோ வையுங்கள். ஒரு நகல் வேறு இடத்தில் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. தோப்பிலும் வயல் வரப்பிலும் இருக்கும் புற்றை இடிக்க யாரும் கடப்பாரை தூக்க வேண்டியதில்லை. பட்ட மரத்தையும் உதிர்ந்த சருகையும் தின்று மண்ணுக்கே திருப்பித் தருகிற வேலையைக் கரையான் அங்கே செய்கிறது. அது இல்லையென்றால் காடு குப்பைமேடாகிவிடும். கரையானுக்குக் கதவு நிலையும் ஒரு பட்ட மரம்தான், அவ்வளவே. அது தோப்போடு நிற்க வேண்டுமானால் வீட்டில் ஈரம் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கி வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். எந்தச் சுவர் ஈரமாக இருக்கிறதோ, வேலையை அங்கிருந்து தொடங்குங்கள்.