வெந்தயத் தண்ணீர்

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போனபோது, அப்பா நீரிழிவு மாத்திரையை நிறுத்திவிட்டிருந்தார். காலையில் வெந்தயம் ஊறிய தண்ணீர் மட்டுமே; விதை குப்பைக்கு!

"குணம் விதையில் அல்லவா இருக்கிறது, அப்பா?" என்றேன். வெந்தயத்தின் வழவழப்புக்குக் காரணம் காலக்டோமன்னான் என்னும் பாலிசாக்கரைடு. அது குடலில் கூழாகிச் சர்க்கரை இரத்தத்தில் கலப்பதைத் தாமதப்படுத்தும். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 1990இல் வெளியிட்ட ஆய்வில், இன்சுலின் போட்டுக்கொள்ளும் நோயாளிகள் நாள்தோறும் 100 கிராம் கொழுப்பு நீக்கிய வெந்தயத்தூளை உணவோடு உண்டனர், சர்க்கரை குறைந்தது. அப்பா ஊறவைத்ததோ ஒரு தேக்கரண்டி!

"அப்படியானால் மாத்திரை?" என்றார்.

"வெந்தயம் அதற்குத் துணை, மாற்று அன்று."

மறுநாளே மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். நண்பர்களே, ஊருக்குப் போனால் வீட்டு மாத்திரை டப்பாவை ஒருமுறை திறந்து பாருங்கள்.